வேலியோரத்து ஹப்பர்ட்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பனி உருகியதும் எல்லோரும் விதை வாங்குவார்கள். ஆரின் பிராட் சபதம் எடுத்தான். இந்த வருஷம் ஹப்பர்ட் பரங்கிதான்!

“நீலச் சாம்பல் நிறம். கன்றுக்குட்டி கனம். கோடாலி போட்டாத்தான் பிளக்கும்!”

“அப்ப அது காயா, விறகா?” என்றாள் மனைவி வெர்னா. “பட்டர்நட் பரங்கி போடுவோம். தோல் மெல்லிசு. சூப் வெச்சா வெண்ணெய் மாதிரி.”

“ஹப்பர்ட் பங்குனி வரைக்கும் நிலவறையில கெடாம கிடக்கும்.”

“நீயுந்தான் சோபாவுல கெடாம கிடக்கிற. உன்னைச் சமைக்க முடியுமா?”

“சரி, ஏகார்ன் பரங்கி?”

“பாதியா வெட்டி மேப்பிள் பாகு ஊத்திச் சுட்டா அமிர்தம். ஆனா வெச்சிருந்தா நாராப் போயிடும்.”

பந்தயமே வந்துவிட்டது. விளைச்சலில் தோற்றவர் நவம்பர் மாத நன்றித் திருநாள் விருந்துப் பாத்திரம் முழுக்கக் கழுவ வேண்டும். வெர்னாவுக்குத் தம்பிமார் ஏழு பேர். ஏழு பேரும் குடும்பஸ்தர்கள்.

மறுநாள் வெர்னா சாதுப் பசுவாகிவிட்டாள்.

“உன் ஹப்பர்ட்டை வேலியோரமா, சுத்தி வர நட்டுக்கோ ஆரின். வெயில் நல்லா விழும். நான் நடுவுல ஒரு மூலையா ஒண்டிக்கிறேன்.”

நடுவில் ஏது மூலை? ஆரின் யோசிக்கவில்லை. பெண்டாட்டி பணிந்த பூரிப்பு!

ஆடியில் வண்டுகள் வந்தன. வரி வண்டு, நாற்றப் பூச்சி, தண்டு துளைக்கும் புழு. ஊர்ப் பூச்சியெல்லாம் ஹப்பர்ட்டில் பந்தி போட்டன. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை ஆரின் சோப்புத் தண்ணீர் வாளியோடு பொறுக்கினான். இடுப்பு கழன்றது. கர்வம் கழலவில்லை.

“பார்த்தியா? உன் செடியை ஒரு பூச்சிகூடச் சீந்தலை. பூச்சிக்குத் தெரியுது ருசி!”

“எனக்குக் கொடுத்துவெக்கலை ஆரின்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தான், பாவம்.

அறுவடையில் அவளுக்குத் தள்ளுவண்டி கொள்ளாத பட்டர்நட். அவனுக்கு ஒரே ஒரு ஹப்பர்ட், எலுமிச்சை அளவில்.

விருந்தன்று முழங்கை வரை நுரையோடு நின்றான். கூடத்தில் பக்கத்து வீட்டு லூசிண்டாவின் குரல் கேட்டது.

“வெர்னா, நீ சொன்னது நிஜந்தான். ஓரத்துல ஹப்பர்ட் நட்டா பூச்சியெல்லாம் அதுல விழுது, நடுவுல இருக்கறது தப்பிக்குது. எங்க தோட்டத்துலயும் போடணும். ஆனா பூச்சி பொறுக்க ஆள் வேணுமே?”

“அதுக்கென்ன? ஆரினைக் கூட்டிட்டுப் போ. பழகின கை.”