காலை ஆறு மணிக் கராத்தே

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் அந்த முடிவை எடுத்தேன். கல்யாணத்தோடு விட்டுப்போன கராத்தேயை மறுபடி தொடங்குவது. அப்போது நான் பிரவுன் பெல்ட். இப்போது எந்த பெல்ட்டும் எனக்கு எட்டாது.

"உங்களால முடியாதுங்க" என்றாள் என் மனைவி இசைவாணி.

அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறு மணிக்குத் திருவையாற்றில் ஃபஹத் மாஸ்டர் முன்னால் போய் நின்றேன்.

மாஸ்டருக்கு என் மகன் வயது. மற்ற மாணவர்களுக்கு என் பேரன் வயது.

"காலைத் தூக்குங்க சார்."

தூக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்."

"மாஸ்டர், மொத்தமே இவ்வளவுதான்."

பக்கத்திலிருந்த சிறுமி ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா இறக்குங்க தாத்தா."

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்து காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கும்போது, இத்தனை வருஷம் மறந்துபோயிருந்த உடம்பு ஒவ்வொரு இடமாக எழுந்து "நானும் இருக்கேன்" என்றது. அது நன்றாகத்தான் இருந்தது. வலிதான் தாங்கவில்லை. மூன்றாவது வாரம் நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"இசை! முட்டி போச்சு!"

"ஐயையோ, எந்தக் காலுங்க?"

"இடது... இல்ல, வலது."

"சரி, ரெண்டுக்கும் தைலம் தேய்ச்சு விடுறேன். நாளைக்குப் போகாதீங்க."

இவ்வளவு சுலபமாகவா? எனக்கு எங்கேயோ உதைத்தது. வகுப்பில் ஒரு நாளும் அப்படி உதைத்ததில்லை.

மறுநாள் ஆறு மணிக்குக் கொல்லைப்பக்கம் போனேன். இசைவாணி துவைக்கிற கல்லில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே புதிதாக நட்ட வயல், வாய்க்காலில் தண்ணீர். அவள் எதுவும் செய்யவில்லை. கையில் போன்கூட இல்லை. அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

என் காலடிச் சத்தம் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்ன வேணும்ங்க?"

"ஒண்ணும் வேணாம். தினமும் இங்கதான் உக்காருவியா?"

"நீங்க கராத்தேக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து. ஆபீஸ் இருந்தப்ப பகல் பூரா எனக்குன்னு இருந்துச்சு. இப்ப 'இசை, கண்ணாடி எங்க?' 'இசை, வெங்காயத்தை ஏன் இவ்வளவு பெருசா நறுக்குற?'ன்னு..."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் வைத்திருப்பேன். முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினேன்.

"பாரு, சரியாயிடுச்சு. நாளைலேர்ந்து மறுபடி போறேன். எனக்காக இல்ல இசை, உனக்காக."

பெரிய தியாகம் செய்தவனைப் போல நெஞ்சை நிமிர்த்தினேன்.

"போவீங்கன்னு தெரியும்ங்க" என்று மறுபடி கல்லில் உட்கார்ந்தாள். "நேத்தே மாஸ்டருக்குப் போன் பண்ணி, சாயங்கால வகுப்புலயும் உங்க பேரைச் சேத்துட்டேன்."