நஷ்டஈடு அண்ணனின் இங்கிலீஷ் பரீட்சை

காவிரிக் கடைமடையில் வெள்ளமும் வறட்சியும் சேர்ந்து அழித்த பயிரைவிட, நஷ்டஈடு அண்ணன் தன் வாயாலேயே அழித்த பயிர் அதிகம். களத்தில் நெல் மலையாகக் குவிந்து கிடக்கும். அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "எங்கங்க, எல்லாம் பதராப் போச்சு" என்பார். கேட்டவர் மனமிளகி, தனக்கு வாங்கிய டீயை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

அவரை நான் முதலில் பார்த்தது மன்னார்குடியில், ஒரு செருப்புக்கடை மாடியில் நடந்த இங்கிலீஷ் கோச்சிங் வகுப்பில். வெளிநாட்டு வேலைக்குப் போக ஆசைப்பட்ட நர்ஸ்கள் நாங்கள் அங்கேதான் படித்தோம். பரீட்சையில் மற்றதையெல்லாம் எப்படியாவது எழுதித் தொலைத்துவிடலாம். பேச்சுத் தேர்வு என்று ஒன்று உண்டு. எதிரே ஓர் அதிகாரி உட்கார்ந்து கேள்வி கேட்பார், நாம் இங்கிலீஷில் பேச வேண்டும். அதற்குப் பயந்துதான் எல்லோரும் பணம் கட்டிச் சேர்ந்திருந்தோம். அந்தச் சுடிதார்க் கூட்டத்தின் கடைசி பெஞ்சில் ஒரு பச்சைத்துண்டு தெரிந்தது. யாரோ ஒருத்தியின் அப்பா துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தோம். பெயர் கூப்பிட்டபோது பச்சைத்துண்டு எழுந்து நின்று, "எஸ் மேடம்" என்றது.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சிறு விவசாயி அவர். மனைவி லண்டனில் நர்ஸ். மனைவியோடு போய் இருப்பதற்கு அவரும் இந்தப் பரீட்சையில் தேற வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தார். "எழுத்துல பாஸுங்க. பேச்சுலதான் கவுந்துட்டேன்" என்றார். நர்ஸ்கள் எல்லோருமே மனைவியின் வகையறா என்பது அவர் கணக்கு. எங்களை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

பேச்சில் எப்படிக் கவிழ்ந்தார் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்த வகுப்பின் முதலாளி, ஆசிரியை, பெருக்கித் துடைப்பவர் எல்லாமே கல்யாணி மேடம்தான். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஹவுஸ் ஃபுல் டேமேஜ் மேடம். ரூஃப் கான். வால் கான்."

மேடத்துக்கு இங்கிலீஷ் மறந்துபோனது. "ஐயையோ! எப்ப சார்?"

"இல்லைங்க, வீடு நல்லாத்தான் இருக்கு. போன வருஷம்தான் டைல்ஸ் போட்டேன்."

"பின்ன ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

அண்ணனும் யோசித்தார். "தெரியலைங்க மேடம். நீங்க பேனாவத் திறந்தீங்களா, தானா வந்துருச்சு."

பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்டதற்கு, "நோ ஃபுட் மேடம்" என்றார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றதற்கு, "டைம் ஆல்ஸோ லாஸ் மேடம்" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் செருப்புக்கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார். அன்றைக்கு வைத்த பெயர்தான் நஷ்டஈடு. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "பேரு வந்துருச்சு. ஈடுதான் இன்னும் வரல" என்றார்.

எனக்கு மட்டும் மண்டைக் குடைச்சல் தாங்கவில்லை. மார்பிள் போலப் பளபளக்கும் வீட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஏன் அதை இடிக்க வேண்டும்? டீக்கடையில் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எங்கப்பா பண்ணையில குத்தகைக்கு உழுதவரு சிஸ்டர். அறுப்புக்கு முன்னாடி பண்ணைக் காரியஸ்தரு வரப்புல நாற்காலியப் போட்டு உக்காந்துகிட்டு, எப்படி வெளஞ்சிருக்குன்னு கேப்பாரு. நல்லா இருக்குன்னு சொன்னா போச்சு, குத்தகைய ஏத்திடுவாரு. அப்புறம் எங்கப்பா கொடி புடிச்சு, அடி வாங்கி, கோர்ட்டுக்கு அலைஞ்சு அந்த நெலத்த மீட்டாரு. நெலம் வந்துச்சு, பயம் போகல. நாற்காலில உக்காந்து கேக்கறவன்கிட்ட நல்லா இருக்குன்னு சொல்லாதடான்னு சொல்லிச் சொல்லியே வளத்தாரு."

பண்ணையார் நாற்காலி போனதும் சர்க்கார் நாற்காலி வந்தது. ஆட்சி மாறும், காரின் முன்னால் பறக்கும் கொடியின் நிறம் மாறும். நஷ்டஈட்டுக்குக் கணக்கெடுக்க வந்து இறங்குபவர் மட்டும் பேனாவைத் திறந்து அதே கேள்வியைத்தான் கேட்பார்: பயிர் எப்படி? அண்ணனும் அதே பதிலைத்தான் சொல்வார். ஒரு முறை எரிவாயுக் குழாய் பதிப்பதற்காக நிலம் அளக்க வந்தவர்களிடம், இது வயலே இல்லை, குளம் என்று சாதித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நடவு முடிந்து தண்ணீர் நின்ற வயல். வந்தவர்களும் நம்பிவிட்டார்கள்.

இதற்கு மேடம் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். நாற்காலி கூடாது, பேனா கூடாது. மாலையில் கோயில் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேச வேண்டும். அண்ணன் பிளந்து கட்டினார்! குளத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நீந்துகிற வாத்து யாருடையது, லண்டனில் வாத்து முட்டை கிடைக்குமா என்று இங்கிலீஷில் கேட்டுத் தள்ளினார். அதில் இலக்கணம் இல்லை. தயக்கமும் இல்லை. பூரித்துப்போன மேடம் வகுப்புக்குத் திரும்பினார், உட்கார்ந்தார், பேனாவைத் திறந்தார், குளத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"டக் ஆல் டெட் மேடம்."

மேடம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பரீட்சை நெருங்க நெருங்க அண்ணன் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. "லண்டன்லேருந்து அவ போன்ல சொல்லிட்டா சிஸ்டர். இந்தத் தடவையும் நீங்க தேறலேன்னா, நான் வேலைய விட்டுட்டு வந்துடறேன்னு." வந்தால் நல்லதுதானே என்றேன். அவர் தலையை வேகமாக ஆட்டினார். "வரக்கூடாது. எங்க குடும்பத்துலயே மொத மொத நிமிந்து நின்னவ அவதான். என்னால அவ குனியக் கூடாது." அந்த வாயிலிருந்து பொய்யில்லாமல் வந்த வார்த்தை அது.

இருவருக்கும் திருச்சியில் ஒரே நாளில் பேச்சுத் தேர்வு. நான் முடித்துவிட்டு வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்த அண்ணன் பேயறைந்தது போல இருந்தார். பஸ் தஞ்சாவூரை நெருங்கும்போது நானே கேட்டேன்.

"என்னண்ணே, வீட்ட இடிச்சிட்டீங்களா?"

"இடிச்சிட்டேன். ஊரையும் முழுக அடிச்சிட்டேன். கேள்வி கேட்ட அந்தம்மா பாவம், தண்ணி குடிங்கன்னு கிளாஸ நவுத்துது. அப்புறம் உங்க ஒய்ஃப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டுச்சு." என் பக்கம் திரும்பினார். "அவள எப்படி சிஸ்டர் நஷ்டம்னு சொல்றது? வாயி வரல. மை ஒய்ஃப் வெரி குட்னு ஆரம்பிச்சேன். அவ எப்படிப் படிச்சா, எப்படிச் சிரிப்பா, ஆஸ்பத்திரில எப்படிப் பேரு வாங்குனா, எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஐ ஆம் லக்கி மேன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன். மணி அடிச்சும் நிறுத்தல. இப்ப கண்ணு பட்டுடுமே சிஸ்டர்!"

தஞ்சாவூரில் பஸ் நின்றதும் இறங்கி ஓடினார். ஒரு பூசணிக்காயை வாங்கி வந்து, லண்டன் எந்தத் திசை என்று என்னைக் கேட்டு, அந்தத் திசையைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றி நடுரோட்டில் போட்டு உடைத்தார். போலீஸ்காரர் ஒருவர் பாய்ந்து வந்தார். "யோவ், அறிவிருக்கா? பேரு என்ன, எந்த ஊரு?" என்று பேனாவை எடுத்தார்.

அவ்வளவுதான். "எல்லாம் போச்சுங்க சார். பயிர் போச்சு, வீடு போச்சு, மாடும் போச்சு..."

போலீஸ்காரர் எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்.

அண்ணன் தேறிவிட்டார். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு லண்டன் போனார். நான் அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தேன். மாதம் ஒரு முறையாவது போன் போட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன்.

"ஒண்ணும் சரியில்ல சிஸ்டர். குளிரு உசுர எடுக்குது. பின்னால தக்காளி வச்சேன், ஒண்ணுகூடக் காய்க்கல."

பக்கத்திலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்கும்: "நம்பாதீங்க சிஸ்டர்! வீடு பூரா தக்காளிதான்! தெருவுக்கே குடுத்துட்டு வராரு!"

சிரித்துவிட்டு, நிம்மதியாகப் போனை வைப்பேன். என்றைக்காவது அவர் வாயால் "நான் நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டால், எனக்குப் பயமாகிவிடும். லீவு சொல்லிவிட்டு அடுத்த விமானத்திலேயே அவரைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன்.