ஐந்தாவது ஏன்

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது. ரேடியோகூடப் பாடியது. என்ஜின் மட்டும் மூச்சு விடவில்லை.

ரத்தினவேல் காரிலிருந்து இறங்கினார். வீட்டுக்குள் போய்ச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து முன்கண்ணாடியில் ஒட்டினார். அதில் 'ஹோல்டு' என்று இருந்தது.

அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். சந்தேகம் வந்த பொருளைச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரங்கட்டுவது தொழில். அந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. மிக்ஸியில் ஒன்று, கேஸ் அடுப்பின் இடது பர்னரில் ஒன்று. ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிய, மகள் ஸ்வாதியின் பாடப்பிரிவை மாற்றும் விண்ணப்பத்திலும் ஒன்று.

ஸ்வாதிக்குப் பயம் அந்த விண்ணப்பத்தால்தான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் முதல் வருடம் முடித்திருந்தாள். அப்பா அவளைச் சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்: "இது ட்ரையல் லாட். ஒரு வருசம் பாப்பேன். சரி வரலன்னா கம்ப்யூட்டருக்கு மாத்திடுவேன்." மாற்றக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்று புதன், அப்பா லீவு போட்டிருந்தார்.

இன்னொரு பயமும் இருந்தது. நேற்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் அவள் காருக்குள் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஆட்டோமேட்டிக் கியரை நிறுத்தும் P-க்கும் ஓடும் D-க்கும் இருபது தடவை இழுத்துப் பார்த்திருந்தாள். கையில் அது எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். கார் ஓர் அங்குலம் நகரவில்லை. காலையில் என்ஜின் செத்துக் கிடக்கிறது.

ரத்தினவேல் வாசலில் வெள்ளைப் பலகையைச் சாய்த்து வைத்தார்.

"ஒய்-ஒய் அனாலிசிஸ். அஞ்சு ஏன் கேட்டா எந்தத் திருடனும் வெளிய வந்துருவான்."

"திருடன்னு ஏம்பா சொல்றீங்க?" என்றாள் ஸ்வாதி.

"சீட்டு முன்னால தள்ளியிருக்கு, என் முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது. வண்டி ரெஜிஸ்டர்ல ஞாயித்துக்கிழமை அறுபத்தோராயிரத்து இருநூத்தி நாலு. இன்னிக்கு இருநூத்திப் பதினெட்டு. பதினாலு கிலோமீட்டர் எங்க போச்சு?"

ஸ்வாதி யோசித்துப் பார்த்தாள். சீட்டைத் தொட்டதாக ஞாபகமே இல்லை. ஆனால் இருக்கிற பயத்தில் தன் ஞாபகத்தையே நம்ப முடியவில்லை.

"மீட்டரும் கெட்டுப் போயிருக்கும்," என்றாள் அம்மா பொற்கொடி, கையில் கரண்டியோடு. "சீக்கிரம் சாப்புடுங்க. எனக்குத் தையல் கிளாஸுக்கு நேரமாவுது."

மூன்று மாதமாகத் தையல் கிளாஸ். வீட்டில் இன்னும் ஒரு ஜாக்கெட்டைக்கூட யாரும் பார்க்கவில்லை.

முதல் ஏனுக்குப் பதில் 'பேட்டரி' என்று ரத்தினவேல் எழுதினார்.

"பேட்டரி நல்லாத்தான இருந்துச்சு," என்றாள் பொற்கொடி.

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"ரேடியோ பாடுதே. காது கேக்கலையா?"

காது கேட்காதவர்போல அவர் பக்கத்து வீட்டு சிவராஜைக் கூப்பிட்டார். சிவராஜ் டூவீலர் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். ஒயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஸ்வல்ப இரி சார், கொஞ்சம் இருங்க, ரெண்டு நிமிசம்."

அவர் ஒயரை மாட்டியதும் கார் அலறத் தொடங்கியது. ஹாரன், இண்டிகேட்டர், எல்லாம் சேர்ந்து தெருவையே எழுப்பின. அலறலை நிறுத்தப் பேட்டரி ஒயரைக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது நான்கு கதவும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே தொங்கியது.

"இது மேனுவல் வண்டியா இருந்தா இப்புடி ஆவாது சார்," என்றார் சிவராஜ்.

"மேனுவல் வண்டிக்குக் கதவு கெடையாதா?"

கம்பியை வளைத்துக் கதவைத் திறக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் ஜன்னல் ரப்பர் பிய்ந்து நாக்கு மாதிரி தொங்கியது. ரத்தினவேல் ரப்பருக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்.

"ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிடலாம்," என்றார்.

மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். கார் அசையவில்லை. சிவராஜின் செருப்பு வார் அறுந்தது.

"அப்பா, P-ல இருந்தா சக்கரம் லாக் ஆயிருக்கும்," என்றாள் ஸ்வாதி. "நியூட்ரலுக்கு, N-க்கு மாத்தணும்."

"அதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவளையே உள்ளே உட்காரச் சொன்னார்கள். சாவியைப் போட்டு, பிரேக்கை மிதித்து, கியரை N-க்கு இழுத்தாள். பிரேக்கை லேசாக விட்டதும் கார் சரிவில் பின்னால் உருண்டு, எதிர்வீட்டு சரோஜம்மாளின் தண்ணி டிரம்மை முத்தமிட்டு நின்றது. டிரம் சாய்ந்து கோலம் கரைந்து ஓடியது.

"ஏம்மே, கண்ணு தெரியல?" சரோஜம்மாள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்தார். "ரிவர்ஸ் போட்டுக்கினு எம்மேலயே ஏத்தப் பாக்கறியா?"

"ரிவர்ஸ் போடலீங்க, N-ல இருக்கு."

"யாருகிட்ட கத விடற? பின்னால வெள்ள லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது."

ஸ்வாதி பயத்தில் அழ வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். கியர் N-ல் இருக்கிறது. காரோ ரிவர்ஸ் விளக்கைப் போடுகிறது. அப்படியென்றால் கை ஒன்று சொல்கிறது, காருக்கு வேறொன்று கேட்கிறது.

"சரோஜம்மா, அங்கயே நின்னு லைட்டை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"நான் என்ன உன் வேலைக்காரியா?" என்றவர் நின்று பார்த்தார்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்வாதி கியரை P-யில் வைத்தாள். டேஷ்போர்டில் P எழுத்து வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. N-ல் வைத்தாள். "மினுக்குது," என்றார் சரோஜம்மாள். N-லிருந்து D பக்கம் நூலளவு தள்ளிப் பிடித்தாள். "அணைஞ்சிடுச்சு." டேஷ்போர்டில் N பளிச்சென்று வந்தது.

பிரேக்கை அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினாள். என்ஜின் உறுமியது.

சிவராஜ் அறுந்த செருப்பைக் கையில் வைத்தபடி பார்த்தார். ரத்தினவேல் மார்க்கர் மூடியைத் தேடினார்.

"பேட்டரி இல்லப்பா," என்றாள் ஸ்வாதி என்ஜினை அணைத்து. "கியர் எந்த எடத்துல இருக்குன்னு காருக்குச் சொல்ல ஒரு சுவிட்ச் இருக்கு. அது எடம் நகந்துருச்சு. P-ல வெச்சாலும் P-ன்னு தெரியல. ஓடற கியர்ல இருக்கோ என்னமோன்னு பயந்துக்கினு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது."

"பத்தாம் நம்பர் ஸ்பானர் குடுங்க," என்று சிவராஜிடம் கேட்டாள். முதலாளி கேட்டதுபோல அவர் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

சக்கரத்துக்குக் கல் வைத்தாள். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றினாள். கியர்பாக்ஸ் தலையில் அந்தச் சுவிட்ச். இரண்டு போல்ட்டும் விரலாலேயே சுழன்றன. கியரை N-ல் நிறுத்தி, டேஷ்போர்டில் N ஆடாமல் வரும்வரை சுவிட்சைத் திருப்பி, போல்ட்டை இறுக்கினாள். எல்லாவற்றையும் மாட்டி P-யில் போட்டாள். P வந்தது. சாவி. என்ஜின். பத்து தடவை அணைத்தாள், பத்து தடவையும் ஸ்டார்ட் ஆனது.

ரத்தினவேல் முன்கண்ணாடியிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை உரித்தார். வீட்டுக்குள் போய் விண்ணப்பத்தை எடுத்துவந்து நான்காகக் கிழித்தார். பாக்கெட்டிலிருந்து பச்சை ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, கிரீஸ் அப்பிய ஸ்வாதியின் தோளில் ஒட்டினார். இந்த வீட்டில் பச்சை ஸ்டிக்கர் இதுவரை எந்தப் பொருளுக்கும் கிடைத்ததில்லை.

"லாட் அக்செப்டட், கண்ணு."

"என் டிரம்முக்கு யாரு அக்செப்ட் பண்றது?" என்றார் சரோஜம்மாள்.

ரத்தினவேல் விடவில்லை. 'பேட்டரி'யை அழித்துவிட்டுப் பலகையில் நான்கு ஏனை நிரப்பினார். ஸ்டார்ட் ஆகவில்லை, P தெரியவில்லை, சுவிட்ச் நகர்ந்தது, போல்ட் லூஸ். ஐந்தாவது காலி.

"லூஸா இருந்தாலும் சும்மா நகராதே. யாராவது கியரைப் படக்கு படக்குன்னு இழுத்திருக்கணும். நாம ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எடுக்கறோம். யாரு?"

தோளில் இருந்த பச்சை ஸ்டிக்கர் ஸ்வாதிக்குச் சுட்டது.

"நான்தாம்பா," என்றாள். "நேத்து உக்காந்து இருபது தடவை இழுத்துப் பாத்தேன். கிழிச்ச ஃபாரத்தை வேணும்னா ஒட்டிக்கங்க."

ரத்தினவேல் அவளை உற்றுப் பார்த்தார். ஸ்டிக்கரைத் தொடவில்லை.

"நின்ன எடத்துல இருபது தடவை இழுத்தா பதினாலு கிலோமீட்டர் எப்புடிம்மா ஓடும்? சீட்டு எப்புடி முன்னால போவும்? நீ என்னைவிட ஒசரம்."

பொற்கொடி கரண்டியோடு மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

கேட்டில் சைக்கிள் மணி அடித்தது. தபால்காரர் ஒரு கவரைத் தூக்கிக் காட்டினார்.

"பொற்கொடி ரத்தினவேல் யாருங்க? ஆர்டிஓ ஆபீஸ்லேர்ந்து டிரைவிங் லைசென்ஸ் வந்திருக்கு, கையெழுத்துப் போடுங்க."