டப்பா இருக்க வண்டியை ஏன் விற்க வேண்டும்?

பேகம்பூர், திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை ஃபாரிஸ் அவர்களுக்கு மாமனார் சௌகத் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையில் கோயம்புத்தூரில் நீங்களும் மகள் ஷாஹினாவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் உங்கள் மாமியும் சுகம். நம் பிரியாணி வண்டியும் சுகம். அதைச் சொல்லத்தான் கடிதம். போனில் என்றால் பாதியில் குறுக்கே பேசிவிடுவீர்கள்.

நத்தம் கல்யாணத்தில் மணமகனின் சித்தப்பா வெள்ளைச் சட்டையோடு, கிளம்பாமல் நின்ற நம் வண்டியைத் தள்ளிய அன்று, "இன்னொரு தடவை நின்னா வித்துருங்க மாமா" என்றீர்கள். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, இருபத்திரண்டு வருடம் என் பெரிய பிரியாணி தேக்சாக்களைச் சுமந்த வண்டியை விற்க மனசு வரவில்லை. பேட்டரி மேலும் தப்பில்லை, தேக்சாவைப் பார்க்கப் போட்ட உள்விளக்கை அணைக்க மறப்பது நான்தான். ஆகவே பேட்டரி இறங்கினாலும் வண்டியைக் கிளப்பிவிடும் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே ஆனந்தமேரி என்ற பெண், "பெட்ரோலா டீசலா பாய்?" என்று கேட்டு, டீசல் என்றதும் சின்னதை எல்லாம் ஒதுக்கிவிட்டாள். "டீசலுக்கு இழுவை ஜாஸ்தி. ஆம்ப்ஸ் கூட இருக்கணும். வயரை மாத்தி மாட்டினா கத்துற மாதிரி பாத்து எடுங்க" என்றாள். நூறு பேர் என்றால் நூற்றிருபது பேருக்கு அரிசி போடுகிற கை அல்லவா, அவள் காட்டியதற்கும் அடுத்த அளவை எடுத்தேன். "இது லாரியே கெளப்பும் பாய், ஒங்களுக்கு எதுக்கு?" என்றாள். விருந்துக்கு யார் வருவார் என்று யாருக்குத் தெரியும் என்றேன்.

போன ஞாயிறன்று வேடசந்தூர் நிக்காஹ். மூன்று தேக்சா ஏற்றியாயிற்று, சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் பந்தி. ஓடிப்போய் ஜம்ப் ஸ்டார்ட்டரை எடுத்து வந்தேன். அதன் சிவப்பு வயரைப் பேட்டரியின் சிவப்பில் மாட்டினேன், கறுப்பை இன்ஜின் இரும்பில் கவ்வவிட்டேன், சாவியைத் திருப்பினேன். மாப்பிள்ளை, வண்டி உறுமியது. நத்தத்தில் எட்டுப் பேர் தள்ளியும் அசையாத வண்டி, என் சாப்பாட்டு டப்பா அளவுள்ள ஒன்றுக்குக் கட்டுப்பட்டது. சுப்ஹானல்லாஹ் என்று அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இம்புட்டூண்டு டப்பாக்குள்ள அம்புட்டு பலத்த எங்கனங்க வச்சிருக்கான்?" என்றாள். பந்தி நேரத்துக்கு நடந்தது.

ஆக, வண்டி நின்றது உண்மைதான். ஆனால் டப்பாவோடு நிற்பது நிற்பதில் சேராது. வண்டி விற்பனைக்கு இல்லை. இதுவே என் முடிவு.

ஷாஹினாவுக்கு எங்கள் துஆ. அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தை நிறைக்கட்டும்.

இப்படிக்கு,
சௌகத் அலி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், மடித்த கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். நீங்கள் முன்பே சொல்லிவைத்திருந்த சித்தையன்கோட்டைக்காரர் வண்டி பார்க்க வந்தார். விற்கவில்லை, டப்பாவின் வேலையை மட்டும் பாருங்கள் என்று கிளப்பிக் காட்டினேன். "வண்டியோட டப்பாவையும் குடுத்துருங்க பாய்" என்றார். டப்பாவை மட்டும் கேட்காதீர்கள், உயிரே போனாலும் தரமாட்டேன் என்றேன். "அப்ப வண்டிய மட்டும் குடுங்க" என்றார். அது நியாயமாகப் பட்டது, கொடுத்துவிட்டேன். டப்பா பத்திரமாக என்னிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு நத்தத்தில் நான்கு தேக்சா. உங்கள் காரை எடுத்து வாருங்கள். வழியில் நின்றுவிடுமோ என்ற பயமே வேண்டாம்.