மேடையை இடித்த மரியாதை

உலக நாகரிகம் எங்கே உச்சிக்குப் போனது என்று யாராவது கேட்டால், மினியாபொலிஸ் நகரின் வடகிழக்கு மூலையில், எங்கள் பேட்டையில்தான் என்று தயங்காமல் சொல்வேன். ஏதென்ஸ் நகரத்தார் மன்னிக்கவும். அங்கே வாதம் செய்தார்கள். நாங்கள் அந்த அநாகரிகத்தைத் தாண்டி வந்துவிட்டோம். எங்களில் எவரும் எவருக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை. கூட்டத்தில் கேக் வைத்தால் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டோம். பாதியாக வெட்டுவோம், மறுபடி பாதியாக வெட்டுவோம், மிஞ்சும் துணுக்கை மரியாதையுடன் குப்பையில் போடுவோம்.

எங்கள் பூங்காவில் ஒரு மரமேடை இருந்தது. கோடையில் சனிக்கிழமை மாலைதோறும் மார்லிஸ் நோர்கார்ட் அதில் ஏறி அக்கார்டியன் வாசிப்பாள். போல்கா நடனமெட்டு தொடங்கினால் பேட்டையே ஆடும். என் மனைவியின் காலை நான் முதன்முதலாக மிதித்தது அங்கேதான். மார்லிஸ் தன் மாடி வீட்டில் வாசிக்க முடியாது. வாசித்தால் கீழ்வீட்டுக்காரர்கள் வந்து மிக இனிமையாக உடல்நலம் விசாரிப்பார்கள். அவளுக்கு இருந்தது அந்த மேடை ஒன்றுதான்.

இந்த நிலையில், உள்ளூர்க் கலையைக் ‘கண்டறிந்து மேம்படுத்த’ ஒரு நிபுணர் வந்து சேர்ந்தார். டிரிஸ்டன் என்று பெயர். நியூயார்க்காரர், கறுப்புச் சட்டை. எங்கள் தெருக்களில் நடந்து, எங்களிடம் இல்லாத கலைகளை எல்லாம் கண்டறிந்தார். பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் பேட்டைக் குழுவைக் கூட்டி, மேடையை எடுத்துவிட்டு ஓர் இரும்புச் சிலை வைக்கலாம் என்று படம் காட்டினார். படத்தில் வளைந்த குழாய் ஒன்று நின்றது. பெயர் ‘மூச்சு எண் நான்கு’.

“மனசுல பட்டதைச் சொல்லுங்க,” என்றார்.

குழுத் தலைவர் டுவேன் தொண்டையைச் செருமினார். “வித்தியாசமா இருக்கு.”

“நல்ல உயரம்,” என்றார் பலசரக்குக் கடை வெர்ன். “துருப் பிடிச்சா இன்னும் நல்லா இருக்குமோ என்னவோ.”

நான் செயலாளர். “மோசமில்ல,” என்றேன். எங்கள் பேட்டையில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது. பாவம், டிரிஸ்டனுக்கு அது தெரியாது. “அப்போ எல்லாருக்கும் சம்மதம்!” என்று பூரித்தார்.

அடுத்து நடந்ததை எழுத என் கை கூசுகிறது. மார்லிஸ் எழுந்து நின்றாள்.

“வேண்டாம். எனக்குப் பிடிக்கல. இங்க ஒருத்தருக்கும் பிடிக்கல. மேடை போச்சுன்னா நான் எங்கய்யா வாசிக்கிறது? இவங்கெல்லாம் எங்க ஆடறது?”

டிரிஸ்டன் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மனிதர் சந்தோஷப்பட்டுத் தொலைத்தார்.

“அப்பாடா! இதைத்தாங்க கேட்டேன். எங்க ஊர்லன்னா இந்நேரம் நாற்காலி பறந்திருக்கும். மேடை இருக்கட்டும் மேடம். சிலையை வேற ஊருக்கு அனுப்பிடறேன்.” படத்தைச் சுருட்டவும் தொடங்கினார்.

வந்த விருந்தாளி, கொண்டுவந்ததைச் சுருட்டிக்கொண்டு போவதா! டுவேன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

“தம்பி, அவ ஏதோ பேசிட்டா, மனசுல வச்சுக்காதீங்க. அவளுக்கு உடம்பு சரியில்ல.”

“நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள் மார்லிஸ்.

“பாத்தீங்களா, ஜுரத்துல பேசறா.”

டிரிஸ்டன் விழித்தார். “உங்களுக்கு மேடை வேணுமா, வேண்டாமா?”

“அட, எங்களை விடுங்க. நீங்க எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க!”

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். “கென்னத், நீயாவது சொல்லேன். கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து என் பாட்டுக்கு ஆடறியே.”

எங்கள் மரபு வழுவாமல் பதில் சொன்னேன்.

“காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, மார்லிஸ்?”

மேடையை எடுக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மார்லிஸின் எதிர்ப்பை ஜுரத்தின் கணக்கில் எழுதினேன். டிரிஸ்டன் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார், நாங்கள் விடவில்லை.

இடிக்க வந்தவர்களுக்குச் சுடச்சுட உருளைக்கிழங்குப் பண்டம் கொண்டுபோனோம். “யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?” என்று புல்டோசர்க்காரர் கேட்டார். “சேச்சே!” என்றோம். முதல் பலகை முறிந்தபோது டுவேன் தேம்பித் தேம்பி அழுதார். மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிவித்தார்.

மார்லிஸை நாங்கள் தண்டித்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். அன்று அவள் செய்த அவமரியாதைக்காக இன்றுவரை எங்களில் ஒருவர்கூட அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.