கல்யாணமாகாத மகன் வரிசை

மகன் விசாவுக்காக வாங்கி, படிக்காமலே அனுப்பியிருந்த சான்றிதழில் ‘திருமணப் பதிவு எதுவும் இல்லை’ என்று இருந்திருக்க வேண்டும். பெர்பெட்டுவா கண்ணாடியைக் கழற்றி மேலங்கியில் துடைத்து மாட்டிக்கொண்டு, கைபேசித் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி மறுபடி படித்தாள். ‘கீழ்க்கண்ட திருமணப் பதிவு உள்ளது’ என்றுதான் இருந்தது.

மணமகன் ரொமுவால்டோ கபனில்லா. அவளுடைய ஒரே மகன் வால்டோதான். மணமகள் மாரிவிக் டும்லாவ். இடம், சான் எலாடியோ நகராட்சிக் கூடைப்பந்து மைதானம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

மாலை நாலு மணி. டேலி சிட்டியில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. முதியோர் காப்பகத்தின் சலவை அறையில் மடிக்க வேண்டிய விரிப்புகள் இன்னும் நாற்பதாவது இருக்கும். எழுபத்து நாலு வயதில் அவள் விரிப்பு மடித்துக்கொண்டிருப்பதே இந்த மகனுக்காகத்தான். அமெரிக்கக் குடிமகள் தன் பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் வந்து இறங்கும் நாளில் அவளுக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று சட்டம். பதின்மூன்று வருடமாக மனு வரிசையில் நின்றது. அவளும் சலவை இயந்திரத்தின் முன்னால் நின்றாள். போன மாதம்தான் முறை வந்தது.

அவள் பிலிப்பைன்ஸுக்குக் கூப்பிட்டாள். அங்கே மறுநாள் காலை ஏழு.

“வால்டோ, நீ கல்யாணம் பண்ணிக்கிட்டியாடா?”

“யாரு, நானா? இல்லியேம்மா.”

“கவர்மென்ட் பேப்பர்ல போட்டிருக்கே. காதலர் தினத்தன்னிக்கு, கூடைப்பந்து மைதானத்துல.”

மறுமுனையில் ஒரு சேவல் கூவியது.

“ஓ, அதுவா,” என்றான். “அது ஃபேனுக்காகம்மா.”

விஷயம் இதுதான். அந்த வருடம் தேர்தல். மேயர் அறுபது ஜோடிகளுக்கு இலவசத் திருமணம் என்று பேனர் வைத்துவிட்டார். கிடைத்தது ஐம்பத்தொன்பது. காலை பத்து மணிக்குப் பேட்டைத் தலைவர் வால்டோ வீட்டு வாசலில் வந்து நின்று, ‘சும்மா வந்து நில்லுங்கப்பா, மத்தியானச் சாப்பாடு உண்டு, ஜோடிக்கு ஒரு மின்விசிறி உண்டு’ என்றார். கோடை வேறு வரப்போகிறது.

“கையெழுத்துப் போட்டியா?”

“போட்டேன். ஃபேன் வாங்கிக்கிட்டதுக்குன்னு நினைச்சேன்.”

“மோதிரம் மாத்தினப்ப என்னன்னு நினைச்சே?”

“எல்லாரும் மாத்தினாங்க. அதை அப்புறம் திருப்பி வாங்கிக்கிட்டாங்கம்மா.”

பெர்பெட்டுவா ஒரு விரிப்பை எடுத்து மடித்தாள். மூலைகள் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

சனிக்கிழமை அவள் செல்சோவைப் பார்க்கப் போனாள். அங்காடியின் பின்பக்கம், முடிதிருத்தும் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டுக் குடியேற்றப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன். பதின்மூன்று வருடத்துக்கு முன் மனுவை எழுதியதும் அவன்தான். அப்போது தலையில் முடி இருந்தது.

“கல்யாணமாகாத மகன்னு ஒரு வரிசை, கல்யாணமான மகன்னு ஒரு வரிசை அக்கா,” என்றான். “நீங்க நிக்கிறது முதல் வரிசை. கல்யாணமாயிடுச்சுன்னா ரெண்டாவதுக்கு மாத்திடுவாங்க. அது இன்னும் மெதுவா நகரும்.”

“எவ்வளவு மெதுவா?”

“ஒரு எட்டு, பத்து வருஷம்.”

“பத்து வருஷம் நான் இருப்பேனா?”

“இருந்துதான் ஆகணும். மனு போட்டவங்க செத்துட்டா மனுவும் பொதுவா செத்துடும்.” அதை அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

வீட்டுக்கு வரும் பேருந்தில் அவளுக்கு மாரிவிக்கின் நினைவு வந்தது. மனு போட்ட வருடம்தான் வால்டோ அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். அன்றைக்கே பெர்பெட்டுவா தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: ‘முறை வர்ற வரைக்கும் கல்யாணப் பேச்சே கூடாது.’ வேறு பெண்ணாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். மாரிவிக் முகம் சுளிக்கவில்லை. ‘நீங்க சொன்னா சரி அத்தை’ என்றாள். பேத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. பேத்தியின் பெயர் படிவத்தில் உண்டு. மாரிவிக்குக்குத்தான் அதில் கட்டமே இல்லை.

அந்தப் பெண்ணிடம் எந்த முகத்தோடு இதைச் சொல்வது? அவளுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று பெர்பெட்டுவாவுக்குத் தோன்றியது. ஒரே பெயரில் ஊரில் நாலு பேர் இருக்க மாட்டார்களா?

“வால்டோ, ‘அந்த ரொமுவால்டோ நான் இல்லை, வேற யாரோ’ன்னு பதிவு அலுவலகத்துக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடு.”

“பொய்யாச்சேம்மா.”

“ஃபேன் மட்டும் நிஜமா?”

அவன் எழுதிப் போட்டான். பதிவு அலுவலகம் மூன்றே வாரத்தில் பதில் அனுப்பியது. கூடவே ஒரு புகைப்படம். நகராட்சிக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதன் நகலாம். அறுபது ஜோடிகளின் முதல் வரிசையில், மின்விசிறிப் பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வால்டோ. ‘படத்தில் இருப்பது தாங்கள் இல்லை என்றால் நேரில் வந்து நிரூபிக்கவும்’ என்று கடிதம் முடிந்தது. பதிவின் ஓரத்தில் ‘தகராறுக்குட்பட்டது’ என்று முத்திரையும் குத்திவிட்டார்கள். இனி நீதிமன்றம் சொல்லாமல் அதை யாரும் தொட முடியாது.

செய்தி ஊரில் பரவியது. பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில், கட்டின மனைவியைக் கடுதாசி போட்டு மறுத்த ஒருவனைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசினார். எல்லோரும் வால்டோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாரிவிக்கே கூப்பிட்டாள்.

“அத்தை, நீங்க ஏன் மனசைப் போட்டு அலட்டிக்கிறீங்க? நான் பாத்துக்கிறேன்.”

“நீ எதைம்மா பாப்பே? உனக்கு நான் எவ்வளவு பெரிய கெடுதல்...”

“கெடுதல் என்ன இதுல? அஞ்சு வருஷத்துக்கு மேல சேந்து வாழ்ந்தவங்கன்னு எழுதிக் குடுத்தாத்தான் அன்னிக்கு மாதிரி கல்யாண உரிமம் இல்லாம கட்டி வைக்கலாம். அன்னிக்கு எங்களுக்கு நாலு வருஷம்கூட ஆகலை. அப்ப அந்தக் கல்யாணமே செல்லாது. கேஸ் போட்டாப் போதும், வக்கீலைப் பாத்தாச்சு.”

தன் கல்யாணத்தைத் தானே செல்லாமல் ஆக்க ஒருத்தி இவ்வளவு வேகம் காட்டுவாளா? மகனுக்குக் கிடைத்தவள் மனுஷியே இல்லை, தெய்வம் என்று பெர்பெட்டுவா நினைத்துக்கொண்டாள். மறுநாள் அவளுக்கு ஒரு பெட்டி நிறையச் சாக்லேட்டும் சோப்பும் துண்டுகளும் கப்பலில் அனுப்பினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வழக்கில் சாட்சி சொல்லப்போவது பக்கத்து வீட்டு டெசிடெரியோ என்று தெரிந்ததும் அவரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நீங்கதான் எல்லாம் பாத்தவரு. பிள்ளைங்களைப் பத்தி நல்லபடியாச் சொல்லுங்க.”

டெசிடெரியோ மீன்பிடிக்கிறவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். சாட்சிக் கூண்டில் ஏறி, “இந்த மாதிரி ஜோடியை நான் பாத்ததில்லை சார். இருபது வயசுலேர்ந்து ஈருடல் ஓருயிரா இருக்காங்க. அவங்களைப் பாத்துத்தான் எங்க வீட்டுலயே சண்டை குறைஞ்சுது” என்றார்.

நீதிபதி விரலால் கணக்குப் போட்டார். கல்யாணத்தன்று வால்டோவுக்கு முப்பது வயது; அந்தக் கணக்குப்படி, அன்றைக்கே அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது பத்து வருடம்.

வழக்கு ஆறு மாதம் தள்ளிப்போனது.

“அவரை யாரும்மா நல்லபடியாச் சொல்லச் சொன்னது?” என்று வால்டோ கேட்டான்.

“யாருக்குத் தெரியும்,” என்றாள் பெர்பெட்டுவா.

அதையும் மாரிவிக்தான் சரிசெய்தாள். அவள் வால்டோவோடு குடிவந்த அன்று வாங்கிய சோறு வேகவைக்கும் மின்பானையின் உத்தரவாத அட்டை, தேதியோடு, கடை முத்திரையோடு, அவளிடம் பத்திரமாக இருந்தது. அதை வாங்கிக் கொடுத்த தன் சொந்த அத்தை ஒருத்தியைப் பேருந்து ஏற்றி வரவழைத்தாள். வழக்கு நாள் தவறாமல் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். வால்டோ இரண்டு முறை தூங்கிப்போய் நேரம் தவறினான்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பொய்யாக ஐந்து வருடம் என்று எழுதிக்கொடுத்தவன் என வால்டோவைத் தூற்றினார்கள். பெற்ற வயிறு பொறுக்கவில்லை. பெர்பெட்டுவா ஒரு மத்தியானம் சலவை அறையில் உட்கார்ந்து, ஊர்க்காரர்களின் முகநூல் குழுவில் எழுதினாள்: ‘என் மகன் பொய் எழுதவில்லை. அந்த ஐந்து வருடக் கணக்கை அறுபது ஜோடிக்கும் மேயர் அலுவலகத்திலேயே ஒரே பேனாவால் எழுதினார்கள்.’

இது உண்மைதான். உண்மை என்பதால்தான் தீப்பிடித்தது.

மீதி ஐம்பத்தொன்பது ஜோடிகளும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தன. தாங்கள் கல்யாணமானவர்களா இல்லையா என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. மூன்று கணவர்கள் அன்று மாலையே சாராயம் வாங்கிக் கொண்டாடியதாகக் கேள்வி. ஒருத்தி கணவனைத் திண்ணைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, ‘நீ யாரு எனக்கு?’ என்றாளாம். டேலி சிட்டி தேவாலயத்தில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில், சான் எலாடியோக்காரி ஒருத்தி பெர்பெட்டுவாவின் கையைத் தொடாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“எம் பொண்ணு நாற்பத்தேழாவது ஜோடி,” என்றாள், பூசை முடிந்து வெளியே வந்தபோது. “உங்க பையனுக்கு அமெரிக்கா வேணும்னா, எம் பொண்ணு வாழாவெட்டியா நிக்கணுமா?”

பெர்பெட்டுவா கைப்பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். முழங்கால் வலித்தது. பேருந்து வரும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள்.

காப்பகத்தின் மேலாளர் பெண்மணி அந்த வாரம் நயமாகக் கேட்டாள்: “பெட், எப்பத்தான் ஓய்வெடுக்கப் போறீங்க?”

“பையன் வந்ததும்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.”

“போன வருஷமும் அவன் வரலியே.”

பதினான்கு மாதம் ஆனது. தீர்ப்பும் தூதரகக் கடிதமும் கையில் கிடைத்த மறுநாள் வால்டோ காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டான். அவளுக்கு முந்தின நாள் மாலை.

“அம்மா, நான் பிரம்மச்சாரி.”

“நல்லது.”

“தூதரகத்துல அடுத்த மாசம் நேர்காணல் குடுத்துட்டாங்க. எல்லாப் பேப்பரும் சரியா இருக்காம்.”

பெர்பெட்டுவா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பதினான்கு வருடத்துக்கும் மேலாக எதிர்பார்த்த நிமிடம். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். அசதிதான் வந்தது.

“மாரிவிக் எங்கே?”

“குளிச்சுக்கிட்டிருக்கா.”

“அழுதாளா?”

“இல்லைம்மா. சத்தமாப் பாடிக்கிட்டிருக்கா.”

துக்கத்தை மறைக்கத்தான் பாடுகிறாள் என்று பெர்பெட்டுவாவுக்குப் புரிந்தது. சட்டத்தின் முன்னால் அந்தப் பெண் இப்போது யாருக்கும் எதுவும் இல்லை. கட்டினவன் விமானம் ஏறிவிடுவான், பெற்ற பெண்ணும் ஏறிவிடுவாள். வெறும் வீட்டில் மின்விசிறியோடு உட்கார்ந்திருப்பாள். இதையெல்லாம் அவளே, தன் கையால், மின்பானை அட்டை தேடிச் செய்து முடித்திருக்கிறாள். எதற்காக? ஒரு கிழவியின் ஆசைக்காக.

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், வால்டோவுக்குத் தெரியாமல், சான் எலாடியோ வக்கீல் அலுவலகத்துக்கே கூப்பிட்டாள். எழுத்தர் லுடிவினா எடுத்தாள். வழக்கு நடந்த காலமெல்லாம் தேதிகளைச் சொல்லிக்கொண்டிருந்த பெண்.

“லுடிவினா, நான் கபனில்லா அம்மா பேசறேன்.”

“சொல்லுங்கம்மா. இனிமே என்னம்மா, அதான் ஜெயிச்சாச்சே.”

“ஜெயிச்சது யாரு, தோத்தது யாருன்னு எனக்குத் தெரியும்மா. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.” அவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பை மடியில் வைத்துக்கொண்டாள். “மாரிவிக்குக்கு நான் ஏதாவது செஞ்சாகணும். வால்டோ இங்க வந்து கால் வெச்சதும், அடுத்த விமானத்துலயே அவனைத் திருப்பி அனுப்பறேன். முறையாத் தேவாலயத்துல அவளைக் கட்டிக்கட்டும். அப்புறம் அவளுக்கு மனுப் போடலாமில்ல? எத்தனை வருஷம் ஆனாலும் சரி. அது வரைக்கும் நான் வேலையை விடறதா இல்லை.”

காகிதம் புரட்டும் ஓசை கேட்டது.

“அவங்களுக்கு எதுக்கும்மா இன்னொரு மனு? ‘கல்யாணமாகாத மகள்’னு ஹவாய்ல இருக்கிற அவங்க அப்பா போட்ட மனுவுக்கு வர்ற செவ்வாக்கிழமை நேர்காணல், இந்தக் கல்யாணத்தை எப்படியாவது உடைச்சுக் குடுங்கன்னு அவங்க எங்க படி ஏறினதே, உங்க பையன் அந்தச் சான்றிதழ் வாங்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி.”