பெரியப்பாவை வெளியே அனுப்பிய கால் மணி நேரம்

"எந்தப் பல்லுன்னு சொல்லுங்க சார்! ஊசி போட்டாச்சு. பேஷண்டுக்கு வாய் மரத்துப் போச்சு. இங்க எக்ஸ்ரே படம் வரல!"

இன்டர்காமில் டாக்டரம்மா. அந்தப் பல் மருத்துவமனையே அவருடையது. அதன் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவரை எல்லோரும் சிஸ்டம் சார் என்பார்கள். அவருக்கு ஏற்கெனவே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டே நிமிஷம் மேடம்."

"இதையேதான் பத்தே காலுக்கும் சொன்னீங்க. பிடுங்க வேண்டியது இடது பக்கமா வலது பக்கமான்னு அவரையே கேட்டேன். ரெண்டு பக்கமும் தலையாட்டறார்."

படம் எங்கும் போய்விடவில்லை. சர்வரில் பத்திரமாகத்தான் இருந்தது. தர மாட்டேன் என்று மறித்துக்கொண்டு நின்றது பெரியப்பா.

பெரியப்பா ஆள் இல்லை. சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் காவல். ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு சீட்டை ஒட்டி வைத்திருக்கும். எந்த நிரல் எந்தச் சீட்டைத் தொடலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் டாக்டரம்மாவே வந்து நின்றாலும் கிடையாது. 'எங்க போற, யாரைக் கேட்டுப் போற' என்று வாசலிலேயே நிறுத்துவதால் ரிசப்ஷன்காரப் பெண் வைத்த பெயர் அது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சண்டை போட்டு அதைக் குடிவைத்தவர் சிஸ்டம் சார்தான். "திருடன் உள்ள வந்தாலும் ஒரு துரும்பைக்கூடத் தொட முடியாது மேடம்." அதே வாரம், தினமும் எல்லாவற்றையும் நகல் எடுக்க ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டியும் வைத்தார். அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். யாரை எதற்காகத் தடுத்தேன் என்று பெரியப்பா நாள் தவறாமல் முந்நூறு புகார் எழுதி அனுப்பும். ஒரு வாரம் படித்தார். பிறகு அவை நேராகக் குப்பைக்குப் போகும்படி செய்துவிட்டார். பெரியவர்கள் புலம்புவதையெல்லாம் காதில் வாங்கினால் குடும்பம் நடக்குமா?

இன்றைய தப்பும் அவருடையதுதான். நேற்று புதுப் படங்களைத் தன் சொந்த ஃபோல்டரிலிருந்து சர்வருக்கு நகர்த்தியிருந்தார். நகர்த்திய கோப்பு பழைய சீட்டோடே வரும். சீட்டை மாற்றினால் தீர்ந்தது. பதற்றத்தில் ஒரு படி மேலே, எல்லாக் கோப்பும் அடங்கிய ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுத்துவிட்டார். எக்ஸ்ரே படத்தின் சீட்டு எல்லாக் கோப்பிலும் போய் ஒட்டிக்கொண்டது.

ரிசப்ஷன்காரப் பெண் ஓடி வந்தாள். "சார், இப்ப பேஷண்ட் லிஸ்டும் போச்சு! அடுத்தது யாருன்னு கேட்டா நாலு பேர் எழுந்து நிக்கறாங்க."

இன்டர்காம் மறுபடியும் அலறியது. "சார், இன்னும் அரை மணியில மருந்து இறங்கிடும். இறங்கினா இவர் என்னைக் கடிச்சிடுவார்!"

சிஸ்டம் சார் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு வருடமாக யாரும் செய்யத் துணியாததைச் செய்தார். பெரியப்பாவை அணைத்தார். கால் மணி நேரம்தான், பத்தே முக்காலிலிருந்து பதினொன்று வரை. அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது?

படம் வந்தது. லிஸ்ட் வந்தது. "வலது பக்கம்!" என்று டாக்டரம்மா கூவியது சுவரைத் தாண்டிக் கேட்டது. சிஸ்டம் சார் நாற்காலியில் சாய்ந்தார். நல்ல காலத்திலும் புத்தி எங்கே போகிறது பாருங்கள், பெரியப்பாவை எழுப்பவே மறந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு சர்வர் உறுமியது.

மின்விசிறிகள் இப்படிச் சுழன்று அவர் கேட்டதே இல்லை. திரையைப் பார்த்தார். 'டெஸ்ட் மூணு' என்று ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகளின் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. டெஸ்ட் மூணு! எந்தத் திருடன் சொந்தப் பெயரை எழுதிக்கொண்டு வருவான்?

நிறுத்தச் சொல்லிக் கட்டளை அடித்தார். மூன்று தடவையும் எழுத்துப் பிழை. ஆயிரம், இரண்டாயிரம் என்று கோப்புகள் போய்க்கொண்டே இருந்தன. வேலை போகும், வீட்டில் எப்படிச் சொல்வது, ஊரில் எத்தனை பேருக்குக் கட்டுப்பல் என்பது நாளைக்கு எங்கெல்லாம் தெரியப்போகிறதோ என்று மனம் தாறுமாறாக ஓடியது.

எழுந்து வராந்தாவிலிருந்த ஒயர் அலமாரிக்கு ஓடினார். நாற்பது ஒயர்கள், எல்லாம் ஒரே நிறம். கோப்புக்கெல்லாம் சீட்டு ஒட்டிய மனிதர் ஒயருக்கு ஒட்டவில்லை. எது எது என்று பார்க்க நேரமில்லை. எல்லாவற்றையும் கொத்தோடு பிடுங்கினார். அதுவும் போதாதென்று திரும்பி ஓடி சர்வரின் பவர் பிளக்கையும் பிடுங்கினார்.

உறுமல் நின்றது. "போயிட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தரையிலேயே உட்கார்ந்தார்.

மூச்சு வாங்கிய பிறகு பிளக்கைச் சொருகினார். உள்ளேயிருந்த பழைய டிஸ்க் டக் டக் என்று இருமியது. பிறகு இருமலும் நின்றது. நான்கு தடவை முயன்றார். சர்வர் எழவே இல்லை.

டாக்டரம்மா கையுறையோடு வந்து நின்றார். கோபத்தைவிட அவர் முகத்தில் பயம்தான் இருந்தது. "பன்னெண்டு வருஷம் சார். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுங்கறதுகூட அதுலதான் இருக்கு. நாளைக்கு நான் எதை நம்பி ஊசி போடுவேன்?"

அன்று முதல் முறையாக சிஸ்டம் சார் நிமிர்ந்து நின்றார். "பயப்படாதீங்க மேடம். திருடனைத் துரத்தியாச்சு. டிஸ்க்தானே போச்சு? தினமும் தானாவே நகல் ஆகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பெட்டி வெச்சிருக்கேன். வாங்க, காட்டறேன்."

இருவரும் ஸ்டோர் ரூமுக்குப் போனார்கள். பஞ்சு டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்த ஸ்டோர் அக்கா, சிஸ்டம் சார் அந்தப் பெட்டியைத் தூக்குவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, அதைப் பத்திச் சொல்லத்தான் சார் உங்களைத் தேடிக்கிட்டிருந்தேன். நீங்க 'டெஸ்ட் மூணு'ன்னு எழுதி ஒட்டி, ரெண்டு வருஷமா ஒரு லைட்டுகூட எரியாம கிடந்த பெட்டி, இன்னைக்குப் பதினோரு மணிக்குத்தான் முதல் தடவையா பச்சையா எரிஞ்சுது. நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எந்தப் பாவியோ ஒயரைப் பிடுங்கி நிறுத்திட்டான்."